கல்லில் ஒரு தெரு: 19ஆம் நூற்றாண்டுப் பாணியில் கல்லச்சுத் தெருக்காட்சி செய்யும் முறை

1835 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன் அனுமதி பெறாமல் இனி எந்தப் படத்தையும் வெளியிட முடியாது. மன்னர் லூயி பிலிப்பை வாரந்தோறும் கேலிசெய்துவந்த 'லா கரிக்கத்தூர்' நின்றுபோனது. அதை நடத்திய ஷார்ல் ஃபிலிபோனின் இன்னொரு ஏடான 'லெ ஷரிவாரி' மட்டும் பிழைத்தது. மன்னரை வரைய முடியாது என்றானதும் அதன் ஓவியர்கள் தெருவை வரைந்தார்கள். ஆம்னிபஸ் எனப்பட்ட குதிரை பூட்டிய பொது வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள், வீட்டுக்காரரும் வாடகைக்காரரும், மழையில் நனைபவர்கள், வெறுமனே வேடிக்கை பார்ப்பவர்கள் என்று பாரிஸின் அன்றாடம் முழுக்கக் கல்லில் ஏறியது. அவர்களில் ஒருவரான ஒனோரே தோமியே வாழ்நாளில் செய்த கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படங்கள் மட்டும் ஏறத்தாழ 4000.

இவ்வளவையும் ஒருவர் செய்ய முடிந்ததற்குக் காரணம் அந்த அச்சுமுறை. செப்புத்தகட்டில் உளி பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். மரக்கட்டையில் ஓவியர் வரைந்ததைச் செதுக்குபவர் வேறொருவர். அவர் கை போன போக்கில் கோடும் போகும். கல்லச்சில் இடையாள் இல்லை. கிரேயானால் கல்லில் இழுத்த கோடே தாளில் விழும். கை நடுங்கினால் நடுக்கமும் விழும். நிற்காமல் நகரும் தெருவைப் பிடிக்க இதைவிடத் தோதான முறை அந்தக் காலத்தில் இல்லை.

கருப்பு வெள்ளைக் கிரேயான் படம் ஒன்றைக் கல் தேர்விலிருந்து அச்சுவரை எப்படிச் செய்வது என்று இங்கே பார்க்கலாம். வண்ணம் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

கல்லில் நடப்பது என்ன

1798 வாக்கில் மியூனிக்கில் அலோயிஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. இங்கே எதையும் செதுக்குவதில்லை, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சுண்ணாம்புக்கல் கொழுப்பையும் ஏற்கும், நீரையும் ஏற்கும். கிரேயானில் சோப்பு, மெழுகு, மாட்டுக்கொழுப்பு, அரக்கு, புகைக்கரி இருக்கின்றன. அவற்றிலுள்ள கொழுப்பமிலங்கள் கல்லின் கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து, நீரில் கரையாத சோப்பாகக் கல்லிலேயே பதிகின்றன. வரையாத இடங்களில் அமிலம் கலந்த பிசினைத் தடவினால் அது கல்லோடு ஒட்டி, நீரைப் பிடித்துவைக்கும் மெல்லிய படலமாகிறது. பிறகு கல்லை நனைத்து எண்ணெய் மையுள்ள உருளையை ஓட்டினால், கொழுப்பு இருக்கும் இடம் மையை வாங்கும், ஈரம் இருக்கும் இடம் தள்ளும்.

இனி வரும் ஒவ்வொரு படியும் இரண்டில் ஒன்றைக் காப்பதற்குத்தான்: நீங்கள் வைத்த கொழுப்பு, அல்லது நீங்கள் வைக்காமல் விட்ட வெற்றிடம். எந்தப் பிழை வந்தாலும் இதில் எது கெட்டது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கல்

பெயர் பெற்ற கல் ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபெனில் கிடைக்கும் நுண்மணிச் சுண்ணாம்புக்கல். மஞ்சள் கல் மென்மையானது, சாம்பல் கல் கடினமானது. மென்சாயல், அதாவது கருமையின் மெல்லிய ஏற்ற இறக்கம், நிறைந்த கிரேயான் படத்துக்குச் சாம்பல் கல்லே நல்லது. அமிலத்தைத் தாங்கும், நுண்ணிய புள்ளியையும் விடாது. மஞ்சள் கல்லை எழுத்துக்கும் தட்டையான நிறப்பரப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

30 × 40 செ.மீ. அளவில், 7 செ.மீ. தடிப்பில் ஒரு கல் சுமார் 22 கிலோ இருக்கும். தடிப்பு 5 செ.மீ.க்குக் குறைந்தால் அழுத்தத்தில் பிளக்கும் ஆபத்து உண்டு. வாங்கும்போது நனைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலும் படிக நரம்பும் ஈரத்தில்தான் தெளிவாகத் தெரியும். நரம்பு படத்தின் நடுவே ஓடினால் அது அச்சில் வெள்ளைக் கோடாக விழக்கூடும்.

அரைத்தல்

அவசரப்படுபவர்கள் தோற்பது இங்கேதான். பழைய படத்தை அழிப்பதும், கல்லைச் சமமாக்குவதும், கிரேயான் பிடிக்கச் சொரசொரப்பு ஏற்றுவதும் இந்த ஒரே வேலையில் முடிகின்றன. 1830களின் பட்டறைகளில் சலித்த மணலும் நீரும் போட்டு ஒரு கல்லை இன்னொரு கல்லின்மேல் வைத்துத் தேய்த்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் கார்போரண்டம் என்ற கடினமான அரைதூள் 1890களில்தான் வந்தது. கல்மேல் கல்லாகவும் அரைக்கலாம், லெவிகேட்டர் எனப்படும் கைப்பிடி வைத்த கனமான இரும்பு வட்டாலும் அரைக்கலாம்.

கல்லை நனைத்து, ஒரு மேசைக்கரண்டி 80 அல்லது 100 எண் தூளைத் (எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும்) தூவி, மேல்கல்லை எட்டு வடிவில் ஓட்டுங்கள். சில நிமிடங்களில் குழம்பு சாம்பல் நிறமாகித் தடிக்கும், கல் இழுக்கத் தொடங்கும். அங்கேயே நிறுத்திக் கழுவிவிட வேண்டும். விட்டால் இரண்டு கல்லும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது விளிம்பு உடையும். பழைய படத்தின் நிழல் போகும்வரை இதையே திரும்பச் செய்து, பிறகு 120, 180 என்று ஏறுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு மூன்று முறை. தெருக்காட்சிக்கு 180இல் நிறுத்துவது பொருத்தம். நுண்ணிய முகங்கள் நிறைய இருந்தால் 220 வரை போகலாம். அதற்கு மேல் போனால் பரப்பு வழுக்கும். கிரேயான் பிடிக்க முனை இல்லாமல் சாயல் சேறாகிவிடும்.

எண் மாற்றும்போது கல், மேசை, வாளி, கை எல்லாவற்றையும் கழுவுங்கள். முந்தைய தூளின் ஒரே ஒரு மணி தங்கினாலும் வானத்தின் குறுக்கே நீளமாய்க் கீறல் விழும். கடைசிவரை அதை மறைக்க முடியாது.

கையின் ஓட்டம் நடுவில்தான் அதிகம் படுவதால் கல்லின் நடு குழியும். நேரான விளிம்புள்ள இரும்புப் பட்டையைக் கல்மேல் நிறுத்தி, அடியில் மூன்று இடங்களில் மெல்லிய தாள் துண்டுகளை வைத்து இழுத்துப் பாருங்கள். நீளம், அகலம், இரு மூலைவிட்டங்கள் எல்லாவற்றிலும் துண்டுகள் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். நடுத் துண்டு சுலபமாக வந்தால் நடு பள்ளம். அங்கே அழுத்தம் எட்டாது, படத்தின் இதயம் வெளிறிப்போகும். விளிம்புகளை அரத்தால் உருட்டி, சாணைக்கல்லால் வழவழப்பாக்கிவிடுங்கள். கூரான விளிம்பு மை பிடித்துத் தாளைக் கருப்பாக்கும்.

கழுவி உலர்ந்தபின் கல்லைக் கையால் தொடக்கூடாது. விரல் ரேகை, பொடுகு, பேசும்போது தெறிக்கும் எச்சில் எல்லாம் கல்லுக்குப் படம்தான். சில நாள் கழித்துத்தான் தெரியவரும்.

படத்தைக் கல்லுக்கு மாற்றுதல்

அச்சில் இடம் வலமாகும். தெருக்காட்சியில் இது பெரிய விஷயம். கடைப்பலகையின் எழுத்துகளைக் கல்லில் திருப்பி எழுத வேண்டும். காவலரின் வாள், சட்டைப் பொத்தான் வரிசை, கத்தி பிடித்த கசாப்புக்காரரின் கை எல்லாம் மாறும். அடையாளம் தெரியும் கட்டடமாக இருந்தால் தெருவே பக்கம் மாறிவிடும்.

படத்தை மெல்லிய தாளில் எடுத்து, தாளைத் திருப்பி, அதற்கும் கல்லுக்கும் நடுவே காவிப்பொடி தேய்த்த தாளை வைத்து, முனை மழுங்கிய ஊசியால் கோடுகளை இழுங்கள். காவியில் கொழுப்பு இல்லாததால் அது அச்சில் வராது. கார்பன் தாள் ஆகவே ஆகாது. அதிலுள்ள மெழுகு படமாகிவிடும். வரையும்போது எதிரே ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டால் திருப்பிய படத்தின் பிழைகள் உடனே கண்ணில் படும்.

தொடங்குமுன் நான்கு ஓரத்திலும் 3 செ.மீ. அகலத்துக்குப் பிசின் கரைசல் தடவி உலரவிடுங்கள். அந்தப் பட்டையில் மை ஏறாது, கை வைக்கவும் இடம் கிடைக்கும். மற்ற இடத்தில் கையைத் தாங்க, இரு பக்கமும் கட்டை வைத்துக் கல்லைத் தொடாதபடி குறுக்கே ஒரு பலகை போடுங்கள்.

வரைதல்

கிரேயான் எண்கள் பொதுவாக 1 முதல் 5 வரை, 1 மென்மை, கொழுப்பு அதிகம், 5 கடினம். தொலைவான வீட்டு முகப்பு, புகை, வானம் ஆகியவற்றுக்கு 5 அல்லது 4. நடுத்தளத்து மனிதர்களுக்கு 3. முன்னால் நிற்கும் வண்டியின் அடிநிழல், தொப்பி, திறந்த கதவின் உள்ளிருட்டு ஆகியவற்றுக்கு 1 அல்லது 2. முழுக் கருப்பு வேண்டுமானால் துஷே எனப்படும் கொழுப்பு மையைத் தூரிகையால் வையுங்கள்.

சாயலை அழுத்தி வரவழைக்காதீர்கள். கடினமான முனையால், கையின் எடை மட்டும் விழும்படி, ஒரு திசையில் ஒரு முறை, இன்னொரு திசையில் ஒரு முறை என்று அடுக்கடுக்காக ஏற்றுங்கள். சொரசொரப்பின் உச்சிகளில் மட்டும் கொழுப்பு பட வேண்டும். அழுத்தினால் பள்ளமும் நிரம்பி, அச்சில் அந்த இடம் மூச்சடைத்துவிடும். வெயிலில் கிரேயான் இளகும். சென்னைக் கோடையில் இரண்டு மூன்று முனைகளைச் சீவி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

கண்ணை நம்ப முடியாத இடமும் இதுதான். அச்சாவது கிரேயானின் கருமையல்ல, அதிலுள்ள கொழுப்பு. 1ஆம் எண்ணால் லேசாகத் தொட்ட இடமும் 5ஆம் எண்ணால் பலமுறை தொட்ட இடமும் கல்லில் ஒரே சாம்பலாகத் தெரியலாம். அச்சில் முதலாவது இருண்டுவிடும். கல்லே சாம்பல் நிறம் என்பதால், வெள்ளைத் தாளில் விழும்போது வெளிச்சம் எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக இருக்கும்.

வெளிச்சம் எங்கே என்பதை முதல் கோட்டுக்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். கல்லச்சில் வெள்ளை என்பது நீங்கள் தொடாமல் விட்ட கல். தோமியே 1834இல் செய்த 'திரான்ஸ்னோனன் தெரு' படத்தைப் பாருங்கள். கலகத்தை அடக்க வந்த படைவீரர்கள் அந்தத் தெருவில் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து மக்களைக் கொன்றார்கள். படத்தில் தெருவே இல்லை. இரவுச் சட்டையோடு கட்டிலருகே சரிந்து கிடக்கும் ஒருவர், அவருக்கு அடியில் ஒரு குழந்தை. சட்டையிலும் துணியிலும் கிரேயான் ஏறக்குறைய படவே இல்லை. சுற்றிலும் இருட்டு மெல்ல மெல்ல அடுக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் கண்ணை அந்த வெற்றுக்கல் இழுத்துப் போய்ச் சேர்க்கும் இடம்தான் அந்தப் படம்.

பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் லண்டனில் செய்த தொகுதி இன்னொரு பாடம். அச்சிட்டவர் ஹல்மண்டெல். ரொட்டிக் கடை ஜன்னலுக்கு அடியில் துவண்டு கிடக்கும் முதியவர், குழல் ஊதும் தெருக் கலைஞர், வாத நோயாளியான பெண், நிலக்கரி வண்டிக் குதிரைகள். பின்னணி லேசான சாம்பல் தூவலாக நின்றுவிடுகிறது. எடை முழுக்க மனிதர்களின் உடலில். கூட்டமான தெருவை வரைபவர்கள் கற்க வேண்டிய சிக்கனம் இது. எல்லா ஜன்னலையும் வரைந்தால் மனிதர் தொலைந்துபோவார்.

மழைக் கோடு, சாட்டை, விளக்கின் பொறி போன்ற மெல்லிய வெள்ளைகளைக் கூரிய கத்தியால் கடைசியில் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய இடத்தில் சொரசொரப்பு போய்விடும். திரும்ப அங்கே கிரேயானால் சாயல் ஏற்ற முடியாது.

அமிலப் பிசின்

நல்ல அரபிப் பிசினை ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு நீர் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். பதம் மெல்லிய தேன்போல. புளித்த பிசினைக் கொட்டிவிடுங்கள். அதன் அமிலம் எவ்வளவு என்று கணக்கிட முடியாது. 30 மி.லி. பிசினுக்கு அடர் நைட்ரிக் அமிலம் இத்தனை சொட்டு:

மங்கலான சாயலுக்கு 3 முதல் 5. நடுச்சாயலுக்கு 8 முதல் 10. அடர்ந்த கருப்புக்கு 12 முதல் 15. மஞ்சள் கல்லானால் இவற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். கையுறையும் கண்காப்பும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், பிசினில் அமிலத்தைச் சொட்டுங்கள். முதலில் கல்லின் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். சில விநாடிகளில் மெல்லிய நுரை எழுந்தால் நடுத்தரம். உடனே பொங்கினால் அது மங்கலான இடத்தைத் தின்றுவிடும்.

படத்தின்மேல் பைன் மரத்திலிருந்து எடுக்கும் ரோசின் பொடியைத் தூவிப் பஞ்சால் லேசாகப் பரப்புங்கள், பிறகு வாசனை சேர்க்காத டால்க் பவுடர். ரோசின் கிரேயானை அமிலத்திலிருந்து காக்கும். டால்க் பிசினைச் சீராகப் பரவவிடும். முதலில் முழுக் கல்லுக்கும் அமிலம் சேர்க்காத பிசின். அதன்மேல் அடர்ந்த இடங்களில் வலுவான கலவையை வைத்துத் தூரிகையால் அசைத்துக்கொண்டே இருங்கள், மூன்று நான்கு நிமிடம். பிறகு நடுச்சாயல், கடைசியில் மங்கல். மிச்சத்தைத் துடைத்து, மெல்லிய வலைத்துணியால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாக்கி உலரவிடுங்கள். படலம் தடித்தால் அடுத்த படியில் டர்பன்டைன் படத்தை எட்டாது. ஓர் இரவு அப்படியே இருக்கட்டும்.

கழுவி மையேற்றுதல்

உலர்ந்த பிசின்மேல் டர்பன்டைனை ஊற்றித் துணியால் தேய்த்தால் வரைந்த கருப்பெல்லாம் கரைந்துவிடும். முதல்முறை செய்பவர்கள் பதறும் இடம் இது. கவலை வேண்டாம், போனது கரி, கொழுப்பு கல்லுக்குள் இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் வெளிறிய நிழல் தெரியும். அதன்மேல் ஆஸ்பால்டம் (நிலக்கீல்) கரைசலை மிக மெல்லியதாகத் தேய்த்து உலரவிட்டு, பிறகு நீரால் கழுவுங்கள். பிசின் கரையும்போது ஆஸ்பால்டம் படத்தில் மட்டும் தங்கும்.

இனி கல் ஒரு கணமும் உலரக்கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஒருவர் ஸ்பாஞ்சோடு நனைக்க, இன்னொருவர் கெட்டியான கருப்பு மையுள்ள தோலுருளையை ஓட்ட வேண்டும். தனியாளாகச் செய்வது கடினம். நீர்ப்படலம் மெல்லியதாக இருக்கட்டும், குளமாக வேண்டாம். நான்கைந்து ஓட்டத்துக்கு ஒருமுறை நனையுங்கள். மெதுவாக அழுத்தி ஓட்டினால் மை ஏறும், வேகமாக லேசாக ஓட்டினால் மை இறங்கும். இந்த இரண்டையும் வைத்தே நல்ல அச்சர் சாயலை ஆள்கிறார்.

படம் முழுமையாக எழுந்ததும் உலரவிட்டு, ரோசினும் டால்க்கும் தூவி, இரண்டாம் முறை அமிலப் பிசின் வையுங்கள். இம்முறை படத்தைக் காப்பது கெட்டியான மை என்பதால் சாயல் பயமின்றி நிலைக்கும். சில மணி நேரம் கழித்து அச்சுக்குத் தயார்.

அச்சிடுதல்

செப்புத்தகட்டு அச்சின் இரட்டை உருளை எந்திரம் இதற்கு உதவாது. இங்கே தோல் போர்த்திய ஸ்கிரேப்பர் கட்டை ஒன்று, தாளின்மேல் வைக்கும், கொழுப்புத் தடவிய டிம்பன் தகட்டின்மேல் கோடாக அழுத்தி நிற்க, கல் அதன் அடியில் நகர்கிறது. கட்டை படத்தைவிட அகலமாகவும் கல்லைவிடக் குறுகலாகவும் இருக்க வேண்டும். கல்லுக்கு அடியில் லினோலியம் விரியுங்கள். படுகையில் ஒரு சிறு கல்துண்டு கிடந்தாலும் அழுத்தத்தில் கல் இரண்டாகும்.

அழுத்தத்தைக் குறைவில் தொடங்கி ஏற்றுங்கள். முதல் ஐந்தாறு பிரதிகளைச் செய்தித்தாள் காகிதத்தில் எடுங்கள். அவை மெல்ல மெல்லக் கருக்கும். கருமை நிலைத்ததும் நல்ல தாள். 19ஆம் நூற்றாண்டில் தாளை ஈரமாக்கி அச்சிட்டார்கள். மென்சாயலுக்கு இன்றும் அது நல்லது.

தவறுகளில் அதிகம் வருவது நடுச்சாயல் அடைத்துப்போவது. மை இளகியிருக்கலாம், நீர் குறைந்திருக்கலாம், முதல் அமிலம் பலவீனமாக இருந்திருக்கலாம். நம் வெப்பத்தில் பெரும்பாலும் மைதான். மெக்னீசியம் கார்பனேட் கொஞ்சம் பிசைந்து கெட்டியாக்குங்கள், உருளையை வேகமாக ஓட்டுங்கள். அப்போதும் தெளியாவிட்டால் கழுவி, மீண்டும் மையேற்றி, அமிலப் பிசினை இன்னொருமுறை வைக்க வேண்டும். வெள்ளையில் சாம்பல் படலம் வந்தால் கல் உலர்ந்த கணத்தில் உருளை பட்டிருக்கிறது; உடனே நனைத்து வேகமாக உருட்டினால் போய்விடும், மறுநாள் போகாது. மங்கலான வானம் மறைந்துவிட்டால் அமிலம் தின்றுவிட்டது, அதற்கு மருந்தில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தால் அந்த இடத்தைக் கழுவிக் கொழுப்பை மறுபடி ஏற்கச்செய்து வரையலாம், ஆனால் ஒட்டுப்போட்டது தெரியும்.

சாயக்கல்லும் வண்ணமும்

ஒரே கருப்புப் படத்துக்குக் கீழே இளமஞ்சள் அல்லது சாம்பல் நிறத்தில் இன்னொரு கல்லை அச்சிட்டு, அதில் வெளிச்ச இடங்களை மட்டும் சுரண்டி விட்டால், தாளின் வெள்ளை விளக்குப்போல எரியும். ஆங்கில ஓவியர் தாமஸ் ஷாட்டர் பாய்ஸ் 1842இல் வெளியிட்ட லண்டன் தெருக்காட்சிகள் இந்தச் சாயக்கல் முறையில் வந்தவை. கருப்புப் படத்தின் ஈர அச்சில் காவிப்பொடி தூவி வெற்றுக்கல்லில் அழுத்தினால் இரண்டாம் கல்லுக்கு வழிகாட்டிக் கோடு கிடைக்கும். தாளின் இரு முனையிலும் ஊசித்துளை, கல்லில் அதற்கேற்ற குறி; இரண்டையும் பொருத்தி அச்சிடுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று இதே வழியில் கூட்டிக்கொண்டே போகலாம். பிரெஞ்சு ஓவியர் பொனார் 1899இல் பாரிஸ் வாழ்க்கை பற்றிச் செய்த தொகுதியில் மழையில் மினுங்கும் இரவுத் தெரு ஒன்று உண்டு. வண்ணத்துக்கு இறங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள். மிகச் சில நிறங்களே போதும் என்பது புரியும்.

22 கிலோ கல்லைத் தெருவுக்குத் தூக்க முடியாது என்பவர்களுக்கு மாற்றுத்தாள் இருக்கிறது. பசை பூசிய தாளில் கிரேயானால் வரைந்து, பட்டறையில் அதைக் கல்லில் அழுத்தி மாற்றலாம். இடவலமும் நேராகவே வரும். அமெரிக்க ஓவியர் விஸ்லர் லண்டன் கடை முகப்புகளைப் பெரும்பாலும் இப்படித்தான் செய்தார். சொரசொரப்பின் ஆழம் கொஞ்சம் குறையும். கடையின் பெயர்ப்பலகையைத் திருப்பி எழுதும் தொல்லை இல்லை என்பதால் தெருக்காட்சிக்கு இது தக்க பரிமாற்றமே.

அச்சு முடிந்த பிறகு

கல்லை வைத்திருக்க நினைத்தால் மையேற்றி, ரோசின் தூவி, பிசின் பூசி, ஈரமில்லாத இடத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். இல்லையென்றால் மறுபடி 80 எண் தூள். கண்ணுக்குப் படம் போன பிறகும் அரைப்பதை நிறுத்தாதீர்கள். கொழுப்பு கல்லுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். கழுவி, நனைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். பழைய வண்டியோ தொப்பியோ வெளிறிய நிழலாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு மூன்று முறை அரைக்க வேண்டும். விட்டால் அடுத்த தெருவில் அந்த மனிதர் மீண்டும் வந்து நிற்பார்.